காக்ளியர் இம்ப்ளாண்ட் காப்பீடு: அறுவைக்கு முன் எடுக்கும் ஸ்கேன்கள் எதற்கு?

தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு ஆறு வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளாண்ட் (செவி நரம்பை நேரடியாகத் தூண்டி ஒலியை உணரவைக்கும் கருவி) இலவசமாகப் பொருத்துகிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் அட்டை கிடைக்கும். ஆறு வயது வரை நேரமிருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். பேச்சு நன்றாகப் பதிவது பிறந்த முதல் மூன்று ஆண்டுகளில்தான்.

ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின் அலைகளை அளக்கும் பெரா பரிசோதனையில் கேளாமை உறுதியானதும் சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் எடுக்கச் சொல்வார்கள். உள்காதின் எலும்பு அமைப்பு சி.டி.யில் தெரியும். செவி நரம்பு இருக்கிறதா என்பது எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும், நரம்பே இல்லாவிட்டால் இம்ப்ளாண்ட் பயன்படாது. மருத்துவரின் சீட்டில் வெறுமனே 'மூளை எம்.ஆர்.ஐ.' என்றிருந்தால் திருத்தி வாங்குங்கள். உள்காதுக்கும் செவி நரம்புக்கும் மெல்லிய வெட்டுகளாக எடுத்தால்தான் அந்த நரம்பு கண்ணில் படும்.

கேளாமை சில குழந்தைகளுக்கு வேறு உறுப்புக் குறைகளோடு சேர்ந்து வரும்; இப்படிச் சேர்ந்து வருவதைத்தான் சிண்ட்ரோம் என்கிறார்கள். அதற்கான தடயமும் இந்தப் படங்களிலேயே கிடைக்கலாம். உள்காதின் வெஸ்டிபுலர் அக்வடக்ட் என்ற மெல்லிய எலும்புக் கால்வாய் நடுப்பகுதியில் 1.5 மி.மீ.க்கு மேல் அகன்றிருந்தால் கேளாமையோடு தைராய்டும் பாதிக்கப்படும் பென்ட்ரெட் சிண்ட்ரோமை நினைக்க வேண்டும். தைராய்டு பரிசோதனை தேவை. அந்தக் குழந்தைக்குத் தலையில் அடிபட்டால் மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போகலாம். உள்காதில் உடலின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய்கள் இல்லையென்றால் சார்ஜ் சிண்ட்ரோமா என்று இதயத்தையும் கண்ணையும் பார்ப்பார்கள். காது மடலுக்கு முன்போ கழுத்திலோ சிறு துளை இருந்து, உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவின் மேல்சுற்றும் விலகியிருந்தால் சிறுநீரகத்துக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும்.

படம் இயல்பாக இருப்பதால் சிண்ட்ரோம் இல்லையென்று ஆகிவிடாது. கேளாமையோடு பார்வையும் குறையும் அஷர் சிண்ட்ரோமை விழித்திரைப் பரிசோதனைதான் காட்டும். ஜெர்வெல்–லாங்கே நீல்சன் சிண்ட்ரோமை ஈ.சி.ஜி. காட்டும், இதில் இதயத்துடிப்பு திடீரெனத் தாறுமாறாகும், மயக்க மருந்தும் ஆபத்தாகலாம். அதனால் ஸ்கேனுக்கு மயக்கம் கொடுக்கும் முன்பே ஈ.சி.ஜி. எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்கேன் தள்ளிப்போவது பெரும்பாலும் சளி, காய்ச்சலால், அல்லது வெறும் வயிறு இல்லாததால். தாய்ப்பால் 4 மணி நேரம், மற்ற பாலும் உணவும் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். ரிப்போர்ட்டோடு, படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். அறுவை செய்பவர் படத்தைத் தாமே பார்க்க வேண்டும். இம்ப்ளாண்டுக்குள் காந்தம் இருப்பதால் பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு. மூளைக்கும் படம் தேவைப்பட்டால் இப்போதே சேர்த்து எடுத்துவிடுங்கள்.