முள்சீத்தா இலையும் பாதியில் நின்றுபோகும் கீமோவும்

"புற்றுநோய்க்கு முள்சீத்தா இலை கீமோவைவிட 10,000 மடங்கு பவராம் டாக்டர்" என்று வாட்ஸ்அப்பை யாராவது நீட்டாமல் சேலத்தில் ஒரு வாரம் போவதில்லை. ஏற்காட்டுக்குப் போய்வந்த சொந்தக்காரர் ஒரு கட்டு முள்சீத்தா இலை கொடுத்திருப்பார். மூன்றாவது கீமோவுக்கு வரவேண்டியவர் அதோடு காணாமல் போய்விடுவார்.

அந்த 10,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1996இல் வெளியான ஓர் ஆய்வு. முள்சீத்தா விதையிலிருந்து, கவனியுங்கள், இலையும் இல்லை சதையும் இல்லை, விதையிலிருந்து பிரித்த ஒரே ஒரு சேர்மத்தை, ஆய்வகத்தில் வளர்த்த பெருங்குடல் புற்றுநோய்ச் செல்கள்மேல் விட்டு, அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தோடு ஒப்பிட்டார்கள். நோயாளி யாருக்கும் கொடுக்கவில்லை. தட்டிலிருக்கும் செல் பிளீச்சிங் பவுடர் போட்டாலும்தான் சாகும். குடித்தது குடலையும் கல்லீரலையும் தாண்டிக் கட்டிக்குப் போய்ச் சேருமா, வழியில் நல்ல செல்லை விட்டுவைக்குமா? அதையல்லவா கேட்கவேண்டும்!

கரீபியன் தீவான குவாடலூப்பில் முள்சீத்தா பழமும் இலைக் கஷாயமும் வழக்கமாக எடுத்தவர்களிடம், பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் போல, ஆனால் அதன் மருந்துக்கு மசியாத ஒரு நோயை 1999இல் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். சந்தேகம் இதே வகைச் சேர்மங்கள்மேல்தான். நம் ஊர்ச் சீத்தா விதையிலும் இவை உண்டு. பேனுக்கு அரைத்துத் தேய்த்தது கண்ணில் வழிந்தால் கருவிழி என்ன ஆகும் என்று கண் மருத்துவரைக் கேளுங்கள்.

செடியில் மருந்தே இல்லை என்று சொல்லவில்லை. நித்தியகல்யாணியிலிருந்து வந்ததுதான் வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து. உடல் பரப்பைக் கணக்கிட்டு, வழக்கமாக ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல், சிரையில் மட்டும் ஏற்றுகிறோம். ஒரு டம்ளர் கஷாயத்தில் எத்தனை மில்லிகிராம்? யார் அளந்தது?

முள்சீத்தா பழத்தை விதை நீக்கி எப்போதாவது சாப்பிடுங்கள். கீமோ நாட்களில் வெள்ளையணு இறங்கியிருக்கும், கிருமி எளிதில் தொற்றும்; வெட்டிவைத்த பழமும் ரோட்டோர ஜூஸும் வேண்டாம், வீட்டிலேயே கழுவித் தோல்சீவி உடனே சாப்பிடுங்கள். இமாட்டினிப் என்ற புற்றுநோய் மாத்திரை போடுபவர்கள் பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் பக்கமே போகாதீர்கள்; மருந்தை உடைக்கும் நொதியை அவை முடக்கும், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். இலையோ பொடியோ கேப்சூலோ, எடுத்தால் மறைக்காதீர்கள், பாக்கெட்டோடு கொண்டுவாருங்கள். கொஞ்சம் திட்டுவோம், அவ்வளவுதான்.

வாந்தியும் வாய்ப்புண்ணும் தாங்காமல்தான் கீமோவை விடுகிறீர்கள் என்றால், வாந்திக்கு நல்ல மாத்திரை இருக்கிறது, கீமோ அளவையும் மாற்றிப் பார்க்கலாம். நிறுத்துவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை வந்து சொல்லுங்கள்.