நிறமில்லை என்பதற்காக அது ஏசி தண்ணீர் ஆகிவிடாது

மறுபடியும் ஒரு ஹெட் கேஸ்கெட் (எஞ்சினுக்கும் அதன் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போன கேஸ். நடுரோட்டில் ஓவர்ஹீட் ஆகி, கட்டி இழுத்துக்கொண்டு வரப்பட்ட வண்டி. உரிமையாளர் சொன்னதும் புதிதில்லை: "கொஞ்ச நாளா கீழே சொட்டிக்கிட்டுதான் இருந்துச்சு. கலரே இல்லை, ஏசி தண்ணின்னு விட்டுட்டேன்." தளர்ந்துபோன ஒரு ஹோஸ் கிளிப்பை மாற்றியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இப்போது சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, வளைந்திருக்கிறதா என்று பார்த்து, லேத்துக்கு அனுப்ப வேண்டும்.

"நிறமில்லாவிட்டால் ஏசி, பச்சையோ சிவப்போ இருந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்)" என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். முறையாகக் கூலன்ட் ஊற்றிய வண்டிக்கு அது சரி. நம் ஊரில் நடப்பது வேறு. அளவு குறைந்தால் குடிக்கிற பாட்டில் தண்ணீர், அதுவும் இல்லாவிட்டால் போர் தண்ணீர். "இங்க என்ன பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேள்வி வேறு. இப்படி நாலைந்து முறை ஊற்றினால் நிறமும் போய்விடும், அந்த இனிப்பு வாடையும் போய்விடும். அதன்பின் ரேடியேட்டரிலிருந்து ஒழுகுவதும் ஏசியிலிருந்து சொட்டுவதும் கண்ணுக்கு ஒன்றுதான்.

கூலன்ட் பனியில் உறையாமல் இருப்பதற்காக மட்டும் இல்லை. இப்போது பெரும்பாலான வண்டிகளில் ரேடியேட்டரும் ஹெட்டும் அலுமினியம். அவை அரிக்காமல் காப்பது அதில் உள்ள ரசாயனங்கள். கொதிநிலையை உயர்த்துவதும் அதுதான். போர் தண்ணீரில் உள்ள உப்பு உள்ளே படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். முதலில் ஒழுகலை உண்டாக்குவதே பல நேரம் அந்தத் தண்ணீர்தான். ஆகவே தண்ணீர் ஏற்கெனவே கலந்த ரெடிமிக்ஸ் வாங்கினால் அப்படியே ஊற்றுங்கள். கான்சென்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டருடன் பாதிக்குப் பாதி.

சரி, எங்கிருந்து சொட்டுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிறத்தை மறந்துவிட்டு அளவைப் பாருங்கள். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பேனட்டைத் திறந்து, ரிசர்வ் டேங்கில் கூலன்ட் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு, அதே போல ஆறிய நிலையில் மறுபடி பாருங்கள். அது மூடிய அமைப்பு; கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தால் எங்கோ போகிறது என்றுதான் பொருள். ரேடியேட்டரிலேயே மூடி உள்ள வண்டியானால் அதையும் ஆறியபின் திறந்து பாருங்கள், கழுத்துவரை இருக்க வேண்டும். மூடியின் வால்வு பழுதானால் டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். டேங்கை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய.

அடுத்தது இடம். ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து ராத்திரி வண்டிக்கு அடியில் விரியுங்கள். முன் சக்கரங்கள் இருக்கும் இடத்தை அதில் குறித்துவிடுங்கள். ஈரம் முன் பம்பரை ஒட்டி இருந்தால் ரேடியேட்டர் அல்லது கீழ் ஹோஸ். எஞ்சினின் பெல்ட் பக்கம் என்றால் வாட்டர் பம்ப்பைச் சந்தேகியுங்கள். சீல் போனால் அதன் சின்னத் துளை வழியே கசியும். முன் சக்கரத்துக்கு முன்னால், சோப்பு வாடையோடு இருந்தால் வைப்பர் தண்ணீர் டேங்க். சக்கரத்தின் உள்பக்கம் வழவழவென்று மஞ்சளாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். வண்டியை நகர்த்தவே வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் முனையில் சொட்டுவது எரிபொருள் எரிவதில் உண்டாகும் நீர். வண்டி சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் வந்து, கூலன்டும் குறைந்தால் மட்டுமே கவலை.

ஏசி தண்ணீர் பெரும்பாலும் இடது முன் சக்கரத்துக்குப் பின்னால், சற்று நடுவாக விழும். சென்னைப் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் வந்தாலும் வியப்பில்லை. அதைப் பார்த்துப் பதறி ஓடி வருகிறவர்களும் உண்டு! சந்தேகம் இருந்தால் ஒரு நாள் முழுக்க ஏசியைப் போடாமல் ஓட்டுங்கள். அன்றைக்கும் சொட்டினால் அது ஏசி இல்லை.

புழுக்கமான நாளில் அரை மணி நேரம் ஏசி ஓடியும் கீழே ஒரு சொட்டுகூட இல்லையென்றால் கோ-டிரைவர் பக்க கார்பெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏசி தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் குழாய் அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளேதான் வரும். வெளி முனையிலிருந்து மெல்லக் காற்றடித்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். கம்பியை விட்டு ஆழமாகக் குத்தினால் உள்ளே எவாப்பரேட்டர் (ஏசியின் குளிர்விக்கும் காயில்) ஓட்டையாகலாம். கார்பெட் ஈரம் பிசுபிசுத்து, முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம்போல் ஆவி படிந்தால் கசிவது ஹீட்டர் கோர், அதாவது டேஷ்போர்டுக்குள் இருக்கும், சூடான கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர். ஹீட்டரை நாம் போடாவிட்டாலும் பல வண்டிகளில் அதற்குள் கூலன்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அட்டை காய்ந்திருக்கிறது, ஆனால் அளவு குறைகிறது என்றால் பிரஷர் டெஸ்ட் செய்யச்சொல்லிக் கேளுங்கள். ஆறிய எஞ்சினில், ரேடியேட்டர் மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு, பொதுவாக 0.9 அல்லது 1.1 பார், கைப்பம்ப்பால் அழுத்தம் ஏற்றிப் பத்து நிமிடம் விடுவார்கள். அழுத்தம் காட்டும் முள் இறங்கினால் கசிவு உறுதி. ஓடும்போது மட்டும் கசிந்து, சூட்டிலேயே ஆவியாகி, தரைக்கு வராத கசிவுகளும் இதில் அகப்படும்.

டெம்பரேச்சர் முள் ஏறவில்லையே என்று தைரியமாக இருக்காதீர்கள். கூலன்ட் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் அது காட்டுவதை நம்ப முடியாது. முள் ஏறிவிட்டாலோ, உடனே ஓரம்கட்டி எஞ்சினை அணையுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறட்டும். கொதிக்கிற எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழவும் கூடும். ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடையும் என்பது லாரிக்காரர்களின் பழைய வைத்தியம். ஓட்டையோடு நல்ல குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும், தயவுசெய்து வேண்டாம்.

நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. விட்டுவிடுங்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் சிறுநீரகத்தை அழிக்கும் விஷம். தெருநாயும் பூனையும் அதை நக்கிச் சாகின்றன. தரையில் சிந்தியிருந்தால் மணலைப் போட்டு அள்ளிக் குப்பையில் கட்டிப் போட்டுவிட்டு, அந்த இடத்தைக் கழுவிவிடுங்கள்.