குதிரைக்குச் சிப் கட்டாயமா? அமெரிக்காவின் கால்நடை அடையாள விதிகள்

அமெரிக்காவில் குதிரை வைத்திருப்பவர்களிடையே இருபது வருடமாக ஓயாத ஒரு பேச்சு உண்டு. அரசாங்கம் எல்லாக் குதிரைக்கும் உடலுக்குள் அடையாளச் சிப் போடச் சொல்லப்போகிறதாம், லாயத்தை விட்டு வெளியே போகும்போதெல்லாம் எழுதிக்கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அபராதமாம். 2024 நவம்பர் 5 முதல் குறிப்பிட்ட வகை மாடுகள் மாநில எல்லையைத் தாண்ட மின்னணுக் காதுவில்லை வேண்டும் என்று விதி வந்த பிறகு, "அடுத்தது குதிரைதான்" என்பவர்களும் உண்டு.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஃபெடரல் சட்டப்படி, அதாவது நாடு முழுவதற்குமான சட்டப்படி, குதிரைக்குச் சிப் கட்டாயமில்லை. குதிரை ஒரே மாநிலத்துக்குள் இருக்கும்வரை ஃபெடரல் அடையாள விதி அதைத் தொடுவதே இல்லை. எல்லையைத் தாண்டினால் இரண்டு கேட்பார்கள்: இது எந்தக் குதிரை என்று காட்ட ஓர் அடையாளம், மருத்துவர் பார்த்துக் கொடுத்த ஒரு சான்றிதழ். இதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு எதையாவது சேர்த்திருக்கும். நடைமுறையில் ஆளை மாட்டிவிடுவது அந்த மாநில விதிகள்தான்.

பயம் எங்கிருந்து வந்தது

2003 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பசுவுக்குப் பைத்திய மாட்டு நோய் இருப்பது தெரியவந்தது. கனடாவிலிருந்து அதே மந்தையோடு வந்த மற்ற மாடுகள் எங்கே என்று தேடினால், பலவற்றை உறுதியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. மாட்டிறைச்சி ஏற்றுமதி படுத்துவிட்டது. அந்தச் சூட்டில் வேளாண்மைத் துறை தேசியக் கால்நடை அடையாளத் திட்டத்தை முன்வைத்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளில் அது NAIS.

திட்டத்துக்கு மூன்று படிகள். கால்நடை இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஏழு எழுத்து, எண் கொண்ட ஓர் அடையாளம். ஒவ்வொரு விலங்குக்கும் 15 இலக்க எண். அந்த விலங்கு இடம் மாறும்போதெல்லாம் ஒரு பதிவு. நோய் கண்ட 48 மணி நேரத்துக்குள் அந்த விலங்கு போய்வந்த தடம் முழுவதையும் பிடித்துவிட வேண்டும் என்பது இலக்கு. 2005-ல் வெளியான வரைவு, 2009 ஜனவரிக்குள் இதைக் கட்டாயமாக்கும் என்றது. பட்டியலில் குதிரையும் இருந்தது.

குதிரைக்காரர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. இறைச்சிக்கு வளர்க்கும் மாடு வாழ்நாளில் இரண்டு மூன்று முறை இடம் மாறும், பெரும்பாலும் மந்தையாக, ஒரே திசையில். சவாரிக் குதிரை அப்படியில்லை. சனிக்கிழமை போட்டிக்கு, ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாதைச் சவாரிக்கு, நடுவில் பயிற்சியாளரிடம், இனப்பெருக்கக் காலத்தில் வேறொரு பண்ணைக்கு என்று போய்ப்போய்த் திரும்பும். ஒவ்வொன்றையும் பதிவு செய் என்றால் வார இறுதி முழுக்க எழுத்துவேலைதான். தகவல் யார் கைக்குப் போகும் என்ற சந்தேகம் ஒரு பக்கம். உயிருக்கு எண் போடுவது சமய நம்பிக்கைக்கு எதிரானது என்று பழைய முறையில் வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு விவசாயிகள் எதிர்த்தது இன்னொரு பக்கம்.

எதிர்ப்பைப் பார்த்து 2006-லேயே 'விருப்பமிருந்தால் சேரலாம்' என்று துறை இறங்கிவந்தது. நூறு மில்லியன் டாலருக்கு மேல் செலவழித்தும் நாட்டின் கால்நடை இடங்களில் பாதிகூடப் பதிவாகவில்லை. 2010 பிப்ரவரியில் திட்டத்தைக் கைவிடுவதாக அப்போதைய வேளாண்மைச் செயலர் டாம் வில்சாக் அறிவித்தார். இன்றும் சுற்றிவரும் பயமுறுத்தல்களில் பாதிக்கு மேல், செத்துப்போன இந்தத் திட்டத்தின் பக்கங்களிலிருந்து வருபவை என்பது என் கணிப்பு.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'குதிரை எங்கள் குடும்பத்தில் ஒன்று, அதைப் போய்க் கால்நடைப் பட்டியலில் சேர்ப்பதா' என்று கேட்பவர்களே, நில வரிச் சலுகை என்று வரும்போது குதிரை கால்நடைதான் என்று வாதாடுவார்கள். சலுகைக்கு ஒரு பெயர், விதிக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ள முடியாது. ஃபெடரல் விதியில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை எல்லாமே ஒரே தலைப்பில் வருகின்றன.

இப்போது உள்ள விதி

கைவிட்ட திட்டத்தின் இடத்தில், விலங்கு நோய்த் தடமறிதல் விதி 2013 ஜனவரி 9 அன்று வெளியாகி மார்ச் 11 முதல் நடப்பில் இருக்கிறது. இதன் அடிப்படையே வேறு. இடப் பதிவு இல்லை, தினசரிப் போக்குவரத்துப் பதிவு இல்லை, மத்தியத் தரவுக்கிடங்கு இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் விலங்கு மட்டும்தான் கணக்கு. விவரங்களை வைத்திருப்பதும் பெரும்பாலும் மாநிலங்களே.

அடையாளம் என்று வரும்போது குதிரைக்கு விதி ரொம்பவே விட்டுக்கொடுத்திருக்கிறது. எழுத்தில் ஒரு வர்ணனை போதும்: பெயர், வயது, இனம், நிறம், ஆணா பெண்ணா, நெற்றியிலும் காலிலும் உள்ள வெள்ளைக் குறிகள், சூட்டுக்குறி, பச்சை குத்திய குறி, தழும்பு, சுழி. ஆமாம், சுழியும்தான். நம் ஊரில் குதிரையோ மாடோ வாங்கப் போகிறவர் ராசி பார்க்கத் தேடும் அதே சுழியை, அமெரிக்க ஃபெடரல் விதி அடையாளமாக எழுதிவைத்திருக்கிறது. காரணம் எளிது. ஒரு குதிரைக்கு நெற்றியிலும் கழுத்திலும் சுழி அமைந்த விதம் இன்னொன்றுக்கு அப்படியே அமையாது, வயதானாலும் மாறாது. வர்ணனைக்குப் பதில் தெளிவான டிஜிட்டல் புகைப்படங்கள் கொடுக்கலாம். சிப் இருந்தால் அதன் எண்ணைக் கொடுக்கலாம். எது கொடுத்தாலும் சரி. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் 'இது அந்தக் குதிரைதானா' என்ற கேள்வி எழுந்தால், கொடுத்த வர்ணனை போதுமா என்று முடிவுசெய்வது அதிகாரிதான். 'பழுப்பு நிறம், பெண், 7 வயது' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அப்படிப்பட்ட குதிரை அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

அடுத்தது சான்றிதழ். மாநிலங்களுக்கிடையிலான கால்நடை மருத்துவச் சான்றிதழ் என்பது முழுப்பெயர், பேச்சில் 'ஹெல்த் சர்டிஃபிகேட்'. அரசு அங்கீகாரம் பெற்ற மருத்துவர் குதிரையை நேரில் பார்த்துக் கொடுக்க வேண்டும். எங்கிருந்து எங்கே போகிறது, எதற்காக, யாருடையது, எந்தக் குதிரை என்பதெல்லாம் அதில் இருக்கும். பொதுவாக 30 நாள் செல்லும். அடிக்கடி போட்டிக்குப் போகிறவர்களுக்குப் பல மாநிலங்கள் ஆறு மாதம் செல்லும் மின்னணுச் சான்றிதழை ஏற்கின்றன. அதற்குக் குதிரையின் புகைப்படங்கள் வேண்டும், ஒவ்வொரு பயணத்தையும் ஆன்லைனில் பதிந்துகொள்ள வேண்டும்.

சான்றிதழே தேவைப்படாத சில சந்தர்ப்பங்கள் உண்டு. குதிரைமேல் ஏறியோ வண்டி பூட்டியோ எல்லையைத் தாண்டி, நேராகத் திரும்பி வந்தால் வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவரிடம் காட்டிவிட்டு அதே லாயத்துக்குத் திரும்பினால் வேண்டாம். புறப்பட்டதும் சேர்வதும் ஒரே மாநிலம், நடுவில் மட்டும் பக்கத்து மாநிலத்தைக் கடந்து நிற்காமல் போகிறீர்கள் என்றாலும் வேண்டாம். இரண்டு மாநிலங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டால், ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்து அனுப்பவும் விதி இடம் கொடுக்கிறது. உங்கள் இரண்டு மாநிலங்களுக்கிடையே அப்படி ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரத்தப் பரிசோதனைத் தாள்தான் உண்மையான அடையாள அட்டை

குதிரைக்காரர் டிரெய்லரில் தவறாமல் வைத்திருக்கும் தாள் எது என்று கேட்டால் காகின்ஸ் டெஸ்ட் என்பார்கள். லிராய் காகின்ஸ் என்ற கால்நடை மருத்துவ அறிவியலாளர் 1970-ல் உருவாக்கிய பரிசோதனை இது. குதிரைகளுக்கு வரும் தொற்று ரத்தசோகை என்ற வைரஸ் நோயைக் காட்டும். குதிரை ஈக்கள் வாயில் ஒட்டிய ரத்தத்தால் பரவும். ஒரே ஊசியைப் பல குதிரைக்குப் போட்டாலும் பரவும். தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை. தொற்று உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும், அல்லது மற்ற குதிரைகளிலிருந்து குறைந்தது 200 கெஜம் தள்ளி ஆயுள் முழுக்கத் தனிமையில் வைக்க வேண்டும். உடலில் நிரந்தரக் குறியும் போட்டுவிடுவார்கள்.

எல்லை தாண்ட இந்தப் பரிசோதனை வேண்டும் என்று சொல்வது பெரும்பாலும் மாநிலச் சட்டங்கள். பல மாநிலங்கள் 12 மாதத்துக்குள் எடுத்ததை ஏற்கும், சில ஆறு மாதம் என்னும். போட்டி மைதானங்களும் பெரிய லாயங்களும், மாநிலத்துக்குள்ளேயே என்றாலும், தாள் இல்லாமல் உள்ளே விடாது. அந்தத் தாளில் குதிரையின் படமோ குறிகளின் வரைபடமோ, சிப் எண் இருந்தால் அதுவும் இருக்கும். ஆக, தேசிய அளவில் யாரும் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தாமலே, பயணம் போகும் பெரும்பாலான குதிரைகளுக்கு ஓர் அடையாள ஆவணம் ஏற்கெனவே வந்துவிட்டது. தேசியத் திட்டத்தை எதிர்த்தவர்கள் அன்றைக்கே சொன்ன வாதமும் இதுதான்.

மாநிலங்கள் போக்கு

லூசியானா இந்தப் பரிசோதனையோடு சிப், உதட்டில் பச்சை, சூட்டுக்குறி ஆகியவற்றில் ஏதாவது ஒரு நிரந்தர அடையாளத்தையும் 1990-களிலிருந்தே கேட்கிறது. 2005-ல் கத்ரினா, ரீட்டா என்ற இரு புயல்கள் அடித்தபோது அதன் பலன் தெரிந்தது. வெள்ளத்தில் மீட்ட குதிரைகளை உரிமையாளர்களிடம் சேர்க்கச் சிப் பெரிதும் உதவியது. விஸ்கான்சினில் ஒரே ஒரு குதிரை வைத்திருந்தாலும் இடத்தைப் பதிவு செய்தாக வேண்டும். கட்டணம் இல்லை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கொலராடோவில் குதிரையை விற்றாலோ, மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோனாலோ, உள்ளேயே 75 மைலுக்கு மேல் கொண்டுபோனாலோ சூட்டுக்குறி ஆய்வாளர் பார்த்துத் தாள் தர வேண்டும். குதிரைக்குச் சூட்டுக்குறியே இல்லாவிட்டாலும் இது பொருந்தும் என்பதைப் புதிதாகக் குடிவந்தவர்கள் கவனிப்பதில்லை. அடிக்கடி பயணம் போகும் குதிரைக்கு, கைமாறும்வரை செல்லும் நிரந்தர அட்டை வாங்கிவைத்துக்கொள்ளலாம்.

வெட்டுக்கு அனுப்பும் குதிரைக்கு முதுகில் ஒட்டும் வில்லையும் தனிப் படிவமும் உண்டு. அது வேறு கதை.

சரி, சிப் போடலாமா?

அரசு கேட்காததைச் சங்கங்கள் கேட்கின்றன. 2017 முதல் பிறந்த தரோப்ரெட் என்ற பந்தயக் குதிரை இனக் குட்டிகளுக்கு, அந்த இனத்தின் பதிவேட்டை வைத்திருக்கும் ஜாக்கி கிளப்பில் பதிவு செய்யச் சிப் வேண்டும். தேசியக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தாண்டல் போட்டிகள் பலவற்றில் சிப் இல்லாத குதிரை இறங்க முடியாது. ஆகவே போட்டிக் குதிரை என்றால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை.

மற்றவர்களுக்கும் போட்டுவிடுவதே நல்லது என்பேன். அரிசி மணி அளவுள்ள சிப்பைக் கழுத்தின் இடப்பக்கம், பிடரிக்குக் கீழே உள்ள தசைநாரில் ஊசியால் செலுத்துவார்கள். அதில் பேட்டரி இல்லை, ஜிபிஎஸ் இல்லை. சிப்பைப் படிக்கும் கருவியான ரீடரைக் கழுத்தோடு ஒட்டிப் பிடித்தால் 15 இலக்க எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். குதிரை எங்கே மேய்கிறது என்று யாரும் அதைக்கொண்டு பார்க்க முடியாது.

ஆனால் எண் மட்டும் எதற்கும் உதவாது. சிப் எண்ணை வைத்திருப்பவை பெரும்பாலும் தனியார் பதிவகங்கள். குதிரை கைமாறியும் பழைய உரிமையாளர் பெயரே அங்கே கிடந்தால், திருட்டிலும் வெள்ளத்திலும் அழைப்பு அவருக்குத்தான் போகும். எனவே வாங்கும்போதே மருத்துவரை வைத்து ரீடரால் எண்ணைப் படித்து, விற்பவர் தரும் பதிவுத்தாளோடும் காகின்ஸ் தாளோடும் ஒத்துப்பாருங்கள். நரியைப் பரியாக்கிக் கொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பிறகு அன்றைக்கே பதிவகத்தில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு முன் ஒரு போன் போதும்: போய்ச் சேரும் மாநிலத்தின் அரசுக் கால்நடை மருத்துவர் அலுவலகம். உள்ளே வரும் குதிரைக்கு விதியை வகுப்பது புறப்படும் மாநிலம் அல்ல, போய்ச் சேரும் மாநிலம். போன வருடம் இதே பாதையில் போனோமே என்று நினைக்க வேண்டாம். 2011-ல் யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் நடந்த ஒரு போட்டியிலிருந்து குதிரை ஹெர்பெஸ் வைரஸ் பல மாநிலங்களுக்குப் பரவியது. போட்டிக்கு வந்த குதிரைகள் எங்கெங்கே திரும்பின என்று சான்றிதழ்களையும் போட்டிப் பதிவுகளையும் வைத்துத் தேடினார்கள். அப்படி ஒரு தொற்று கிளம்பினால் 30 நாள் என்பதைச் சில நாட்களாகக் குறைக்கவோ, முன் அனுமதி எண் கேட்கவோ, வாயிலில் உடல் வெப்பம் பார்க்கவோ மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு. அந்த மாற்றம் உடனே அமலாகலாம்.