கடல் கேபிள் அறுந்த நாட்களில் இணையத்தை முறை வைத்துப் பாய்ச்சுவோம்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. அடுத்த நாட்களில், பாளையங்கோட்டையில் நான் நெட்வொர்க் பராமரித்துவந்த ஒரு ஸ்கேன் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. புயல் எங்கள் பக்கம் வரவில்லை. மின்சாரம் இருந்தது, மோடத்தில் பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. "அண்ணாச்சி, படம் நாப்பது பர்சன்ட் போனதும் நின்னுருது. மூணு வாட்டி கேன்சல் பண்ணித் திரும்பப் போட்டுட்டேன்" என்றார் அங்கிருந்த இளம் டெக்னீஷியன். தலையில் அடிபட்டு வந்த ஒருவரின் சி.டி. ஸ்கேன் அது. அறிக்கை எழுத வேண்டிய மருத்துவர் மதுரையில் இருந்தார். ஆனால் படங்களைச் சேமிக்கும் சர்வர் சிங்கப்பூரில் இருந்தது. பாளையங்கோட்டைப் படம் மதுரையைச் சேர வங்கக் கடலை இருமுறை தாண்ட வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து புறப்படும் கடலடிக் கேபிள் ஒன்று பழுதாகியிருப்பதாகச் சேவை நிறுவனம் அதற்குள் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தது.

கண்டங்களுக்கு இடையே செல்லும் தரவில் 95 சதவீதத்துக்கும் மேல் கடலடிக் கேபிள்கள் வழியாகத்தான் போகிறது. செயற்கைக்கோளின் பங்கு மிகச் சிறியது. ஆழ்கடலில் கிடக்கும் கேபிள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் பருமன்தான் இருக்கும். உலகில் ஆண்டுதோறும் நடக்கும் கேபிள் பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீன்பிடி வலைகளும் கப்பல் நங்கூரங்களுமே காரணம். அவை பெரும்பாலும் ஒவ்வொன்றாக அறுப்பதால் மற்ற கேபிள்கள் சுமையைத் தாங்கிக்கொள்கின்றன, நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. இயற்கைப் பேரிடர் அப்படியல்ல, ஒரே அடியில் பலவற்றைச் சாய்த்துவிடும். 2006 டிசம்பர் 26 அன்று தைவானின் தெற்கே ஏற்பட்ட நிலநடுக்கத்தில் கடலடி நிலம் சரிந்து ஒன்பது கேபிள்கள் அறுந்தன. எல்லாவற்றையும் சரிசெய்ய ஏறத்தாழ ஏழு வாரமாயிற்று. 2022 ஜனவரி 15 அன்று எரிமலை வெடிப்பில் அறுந்த டோங்கா நாட்டின் வெளிநாட்டுக் கேபிள் பிப்ரவரி 22 வாக்கில்தான் மீண்டது. கப்பல் வர வேண்டும், அறுந்த இடத்தைக் கண்டறிய வேண்டும், கொக்கி போட்டு முனையை மேலே இழுத்து, மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளை ஒன்றொன்றாகப் பொருத்த வேண்டும். ஆகவே இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எண்ணிக் காத்திருப்பதைவிட, சில வாரங்களுக்கான ஏற்பாட்டைச் செய்துகொள்வதே நல்லது.

பழுது கடலிலா, கரையிலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டபோது நமக்கு நேர்ந்தது கரைப் பழுது. மின்சாரம் இல்லாமல் கோபுரங்கள் அணைந்தன, தரைவழி இழைகள் அறுந்தன, பல ஊர்களில் சாதாரண அழைப்புகூடப் போகவில்லை. கடல் கேபிள் பழுதில் உள்நாட்டு வேலைகள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். யுபிஐ பணப் பரிமாற்றம், வங்கித் தளங்கள், ரயில் முன்பதிவு, ஜிஎஸ்டி தாக்கல் ஆகியவற்றின் சர்வர்கள் நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. பலரும் பார்க்கும் வீடியோக்களின் நகல்களும் சென்னை, மும்பை போன்ற நகரங்களிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். அதனால்தான் யூடியூப் தடையின்றி ஓடும்போதே வெளிநாட்டு அலுவலகத்தின் ஒரு சிறிய கோப்பு திறக்க மறுக்கிறது. "நெட் நல்லாத்தான் இருக்கு, உங்க கம்ப்யூட்டர்தான் கோளாறு" என்று சொல்லும் அவசர முடிவு இங்கிருந்துதான் பிறக்கிறது. அதை நம்பிக் கணினியை ஃபார்மேட் செய்து, சேமித்ததையெல்லாம் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இழப்புக்குத் தேவையே இல்லை என்பதுதான் இன்றும் என்னை வருத்துகிறது.

ஆற்றில் நீர் குறையும்போது மடையை எல்லோரும் ஒன்றாகத் திறந்தால் கடைமடைக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது என்பதைப் பாளையங்கால்வாய்ப் பாசனக்காரர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. முறை வைத்துப் பாய்ச்சுவது இந்த மண்ணின் பழக்கம். குறுகிப்போன இணையத்துக்கும் அதுதான் வழி. அன்று ஸ்கேன் மையத்தில் நான் முதலில் பார்த்தது, வேறு யாரெல்லாம் மடையைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். வரவேற்பறைக் கணினி விண்டோஸ் அப்டேட்டை இறக்கிக்கொண்டிருந்தது. மாடியில் இருந்தவர்களின் கைபேசிகள் அதே வைஃபையில் புகைப்படங்களைக் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தன. அவற்றை நிறுத்தினோம். நூற்றுக்கணக்கான படங்கள் கொண்ட முழுத் தொகுப்பை அனுப்புவதை விட்டு, மருத்துவரைச் சாதாரணத் தொலைபேசியில் அழைத்து எந்தப் படங்கள் உடனே வேண்டும் என்று கேட்டோம். அவர் கேட்ட சிலவற்றை மட்டும் முதலில் அனுப்பினோம். முழுத் தொகுப்பு பின்னிரவில் போயிற்று. நின்றுவிட்டது போல் தெரியும் கோப்பை ரத்து செய்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இல்லாத தளங்களில் அது வரை போனதெல்லாம் வீணாகி முதலிலிருந்து தொடங்கும் என்பதை அந்தத் தம்பிக்குக் காட்டினேன். பக்கத்தை மீண்டும் மீண்டும் ரிஃப்ரெஷ் செய்வதும் இதே தவறுதான்.

மேலப்பாளையம் போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. மாலை நேர வீடியோ அழைப்பு உறைந்து நிற்கும்போது, வீட்டில் காத்திருக்கும் தாய்க்கு அது வெறும் தொழில்நுட்பக் கோளாறாகத் தெரிவதில்லை, மகனுக்கு என்னவோ ஏதோ என்று மனம் பதறுகிறது. குரல் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் அளவே தாராளம். தெளிவான வீடியோவுக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். ஆகவே கேமராவை அணைத்துப் பேசுங்கள். பேச்சும் அறுந்தால் குரல் பதிவாகவோ எழுத்தாகவோ அனுப்புங்கள். அவை தாமதித்தாலும் போய்ச் சேரும். இரவு ஏழு முதல் பதினொன்று வரை நெரிசல் மிகுதி, விடியற்காலையில் வழி காலியாக இருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் கடைசி நாள் வரை காத்திருக்காமல், ஆவணங்களின் அளவைச் சுருக்கி, அந்த வேளையில் பதிவேற்றலாம்.

சிறு அலுவலகங்கள் இரண்டு நிறுவனங்களின் இணைப்பை வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கின்றன. இரண்டுமே சென்னையிலிருந்து சிங்கப்பூர் நோக்கி வெளியேறுமானால் இரண்டும் ஒன்றாகவே திணறும். ஒன்றாவது மும்பை வழியாக மேற்கே போகிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். அத்துடன், உங்கள் வேலைகளில் எவை கடலைத் தாண்டுகின்றன என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இணையம் திணறினால் யாரை எந்தத் தொலைபேசி எண்ணில் அழைப்பது என்பதும் இருக்கட்டும்.

இந்த நாட்களில் மோசடிக்காரர்களும் கிளம்பிவிடுவார்கள். "உங்கள் இணைய வேகத்தைக் கூட்டித் தருகிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று யாராவது அழைத்தால் உடனே துண்டித்துவிடுங்கள். கடலுக்கடியில் அறுந்த கேபிளை உங்கள் கைபேசியில் இறக்கும் எந்த ஆப்பாலும் ஒட்டவைக்க முடியாது. பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல், இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். அது சாதாரணத் தொலைபேசி அழைப்பு; இணையம் மெதுவாக இருந்தாலும் போகும்.