பத்தாம் நாள் காய்ச்சல்

வயிற்று வலி என்று போனவருக்கு ஸ்கேன், பயாப்ஸி, புற்றுநோய் முற்றிவிட்டது என்ற பேச்சு, அதற்குள் முதல் கீமோ. எல்லாம் ஒரே மாதத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. மருந்து ஏறுவது திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ பாளையங்கோட்டையிலோ இருக்கலாம். ஆள் திரும்பி வந்து படுப்பது களக்காட்டிலோ கடையத்திலோ சங்கரன்கோவிலிலோதான். நான்காம் நாள் வாந்தி அடங்கி, இரண்டு இட்லி சாப்பிட்டதும் வீட்டாருக்கு உயிர் வருகிறது. ஆனால் பெரிய ஆபத்து வருவது அதற்குப் பிறகுதான்.

கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுச் செல் அப்படிப் பிரிவது. எலும்புக்குள் இருந்து இரத்த அணுக்களைச் செய்யும் மஜ்ஜையும் அப்படித்தான். கிருமியை முதலில் எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு நாள்தான் தாங்கும். அதனால் மஜ்ஜை தினமும் பத்தாயிரம் கோடி அளவில் அதைப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. மருந்து ஏறிய அன்றே இந்த உற்பத்தி அடிபட்டாலும், பாதி வளர்ந்த அணுக்களின் இருப்பு மஜ்ஜைக்குள் உண்டு. புது நெல் வராவிட்டாலும் குதிரில் இருப்பது தீரும்வரை உலை கொதிக்கும் அல்லவா, அந்தக் கணக்கு. இருப்பு தீர்ந்து எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொடுவது பல மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள். மூன்றாம் வாரம் மறுபடி ஏறும். பல கீமோக்களை 21 நாளுக்கு ஒருமுறை போடுவது இதனால்தான்.

இரத்தப் பரிசோதனைத் தாளில் மொத்த வெள்ளையணுவை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. மொத்தம் 2,100, அதில் நியூட்ரோஃபில் (சில லேபில் பாலிமார்ஃப் என்று போடுவார்கள்) 20 சதவீதம் என்று இருந்தால், 2,100-ஐ 20-ஆல் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். வருவது 420. 1,500-க்குக் கீழே போனாலே குறைவு. 500-க்குக் கீழே போனால் கடுமையான குறைவு.

அந்த நிலையில் தொற்று வந்தால் அது தொற்று மாதிரியே தெரியாது. சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்கள்தான். அவை இல்லாதபோது புண் சீழ் வைக்காது, வீங்கிச் சிவக்காது. நுரையீரலில் நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே ஆரம்பத்தில் சுத்தமாக இருக்கலாம். பல சமயம் மிஞ்சுகிற ஒரே அடையாளம் காய்ச்சல்தான். வீட்டில் அதையும் பாரசிட்டமால் கொடுத்து அழித்துவிடுகிறார்கள். “மருந்துச் சூடு, இளநி குடிச்சா சரியாப் போகும்” என்று சொல்ல எல்லா ஊரிலும் ஒரு பெரியவர் இருப்பார். இளநீர் குடிப்பதில் தவறில்லை, அதை நம்பிக் காலைவரை காத்திருப்பதுதான் தவறு. இந்தத் தொற்று சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவி, ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடக்கூடியது.

கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பது உதவாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும். காபி குடித்திருந்தால் அரை மணி நேரம் விட்டு நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் (38 செல்சியஸ்) காட்டினால் கிளம்பிவிடலாம், இன்னொரு முறை பார்ப்போம் என்று உட்கார வேண்டாம். வாய்ப்புண் இருந்தால் கக்கத்தில்தான் வைக்க முடியும். அங்கே ஒரு டிகிரி வரை குறைத்துக் காட்டும், ஆகவே 99.5-ஐயே காய்ச்சலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ எனிமாவோ கூடாது. அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமிக்கு வாசல் திறந்துவிடும். வாந்திக்காக டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தால் காய்ச்சல் ஏறாமலே தொற்று வரலாம். குளிர் நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம், மூச்சிரைப்பு, சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் காய்ச்சலுக்குச் சமம்தான்.

எங்கே கிளம்புவது என்பதைக் கீமோ போட்ட அன்றே டாக்டரிடம் கேட்டு முடிவு செய்துவிட வேண்டும். மருந்து போட்ட ஆஸ்பத்திரி தொலைவில் இருந்தால் ராத்திரி ஒரு மணிக்கு அங்கே ஓடுவதில் அர்த்தமில்லை. இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்து, நரம்பு வழி ஆன்டிபயாடிக் கொடுக்கக்கூடிய பக்கத்து ஆஸ்பத்திரி எது, அங்கே ராத்திரி டாக்டர் இருப்பாரா? அப்படி ஒன்று பக்கத்தில் இல்லையென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. தென்காசியிலிருந்து அது 50 கிலோமீட்டருக்கு மேல், ஆகவே 108-ஐயோ தெரிந்த கார்க்காரரையோ முன்கூட்டியே மனதில் வைத்திருங்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஏற வேண்டும் என்பது புற்றுநோய் மருத்துவத்தில் ஏற்கப்பட்ட விதி. சீட்டு வாங்கும் இடத்தில் “காய்ச்சல்” என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள். “கீமோ போட்டு இன்னிக்குப் பத்தாம் நாள், காய்ச்சல் 101” என்று சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் தாள், மருந்துகளின் பெயர், கடைசி இரத்த அறிக்கை, ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். அந்த ஃபைல் யார் பொறுப்பு என்பதையும் குடும்பத்தில் ஒருவர் தலையில் கட்டிவிடுங்கள்.

இந்தக் கிருமிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை, நோயாளியின் சொந்தக் குடலிலிருந்தே வருகின்றன. கீமோ குடலின் உட்தோலையும் அரிப்பதால் அங்கே காலங்காலமாகக் குடியிருப்பவை இரத்தத்துக்குள் நுழைந்துவிடுகின்றன. எனவே ஆளை அறையில் பூட்டி வைத்தாலும் காய்ச்சல் வரலாம். “யாரோ வந்து ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள்” என்று சண்டை போடத் தேவையில்லை. அதற்காக எல்லோரையும் விடவும் கூடாது. ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாகச் சுகம் விசாரிக்க வருகிறவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உட்காரட்டும். சளி இருப்பவரும் அம்மை போட்ட வீட்டுப் பிள்ளைகளும் பிறகு வரலாம். அந்த இரண்டு வாரம் தாமிரபரணிக் குளியலும் குற்றாலமும் வேண்டாம். நெஞ்சிலோ கையிலோ மருந்துக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது இருக்கும்வரை ஆற்று நீரே ஆகாது.

சாப்பாட்டில் தேவைக்கு மேல் பயப்படுகிறோம். பழத்தையும் பச்சைக் காய்கறியையும் அடியோடு நிறுத்துவதால் தொற்று குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. நன்றாகக் கழுவித் தோலுரித்துக் கொடுக்கலாம். ராத்திரி முழுக்க வெளியே இருந்த பழைய சோற்றை மட்டும் இந்த நாட்களில் தவிர்த்துவிட்டு, சூடாக உளுந்தஞ்சோறு, வெந்த முட்டை, அன்றைக்கு வைத்த சொதி என்று கொடுங்கள். புரதம் குறைந்தால் உடம்பு தேறுவதே தள்ளிப்போகும்.

சிலருக்குக் கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்து ஃபில்கிராஸ்டிம் வகை ஊசி எழுதுவார்கள். மஜ்ஜையை விரட்டி நியூட்ரோஃபில் செய்ய வைப்பது இதுதான். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டிய மருந்து. திருநெல்வேலியில் வாங்கிச் சித்திரை வெயிலில் சட்டைப் பையில் கொண்டுபோனால் வீணாகலாம். ஐஸ்கட்டியோடு நேராக ஒட்டி வைத்து உறைந்துபோனாலும் அப்படித்தான். துணி சுற்றி, ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். ஊசிக்குப் பிறகு சிலருக்கு இடுப்பும் முதுகும் குடையும். மஜ்ஜை வேலை செய்வதால் வரும் வலி அது. அதற்குப் பாரசிட்டமால் எழுதியிருந்தால், ஒவ்வொரு முறையும் காய்ச்சல் பார்த்துக் குறித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இந்தக் காய்ச்சல் ஆபத்து மற்றச் சுற்றுகளைவிட முதல் சுற்றில்தான் அதிகம். அதில் காய்ச்சல் வந்து தேறியவருக்கு அடுத்த சுற்றின் அளவைக் குறைப்பதா, நாள் தள்ளுவதா, இந்த ஊசியைச் சேர்ப்பதா என்று டாக்டர் யோசிப்பார். கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் காய்ச்சல் வந்ததை மறைக்கிற வீடுகள் உண்டு. முற்றிய நோய்க்குக் கொடுக்கும் கீமோவின் நோக்கம் பெரும்பாலும் கட்டியைச் சுருக்கி, வலியைக் குறைத்து, நாட்களை நீட்டுவது. அதற்கு அளவைச் சற்றுக் குறைப்பதில் தோல்வி எதுவும் இல்லை.