குப்பையை எடுத்து வந்தால் மட்டும் போதுமா? பாறையேறக் கிளம்புகிறவர்களுக்கு

பாறையேற்றப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சுற்றுச்சூழல் பற்றிப் பேச்செடுத்தால், எல்லோரும் முதலில் சொல்வது குப்பையைத்தான். "கவர், பாட்டில் எல்லாம் திரும்ப எடுத்துட்டு வந்துடுவோம் சார்" என்பார்கள். சொன்னபடியே செய்கிறவர்களும் நிறைய. நல்ல பழக்கம்தான். ஆனால் குழுக்களைப் பாறைக்குக் கூட்டிப்போவதையே தொழிலாக வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: ஒரு பிஸ்கட் கவரைக்கூடக் கீழே போடாத குழுவும் ஒரே நாளில் அந்த இடத்துக்குப் பெரிய கேடு செய்துவிட முடியும். அந்தக் கேடு போட்டோவில் விழாது. செய்தவர்களுக்கே தெரியாது.

முதலில், எந்த மாதத்தில் ஏறுகிறோம் என்பது. தென்னிந்தியாவில் நவம்பரில் இருந்து பிப்ரவரி வரைதான் நமக்குச் சீசன். மார்ச் பிறந்துவிட்டால் கருங்கல்லில் கை வைக்க முடியாது, மழைக்காலத்தில் வழுக்கும். அதனால் ராமநகரா, சாவன்துர்கா, ஹம்பி, பாதாமி என எல்லாப் பக்கமும் கூட்டம் இந்தக் குளிர் மாதங்களில்தான். செங்குத்துப் பாறையில் கூடு வைக்கும் பெரிய பறவைகளுக்கும் ஏறக்குறைய இதே மாதங்கள்தான். கருங்கழுத்துப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு நவம்பர், டிசம்பர் வாக்கில் முட்டை இடும். குஞ்சு பறக்கப் பழகுவதற்குள் மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். ஷாகீன் வல்லூறு, போனெல்லி கழுகு, கொம்பன் ஆந்தை எல்லாம் சில வாரங்கள் முன்னே பின்னே இதே காலத்தில்தான் குஞ்சு வளர்க்கின்றன.

ராமநகராவை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் இருந்து சுமார் 50 கிலோமீட்டர். அங்கே ராமதேவர பெட்டா மலையை 2012இல் பாறுகளுக்கான சரணாலயமாகக் கர்நாடக அரசு அறிவித்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் உடல் வழியாகப் பாறுகளுக்குப் போய், சிறுநீரகம் செயலிழந்து அவை கூட்டம் கூட்டமாகச் செத்தன. கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்க இந்தியா 2006இல் தடை போட்டது. அதற்குள் நாட்டில் இருந்த பாறுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டன. இன்று ராமநகராவில் மிஞ்சியிருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு ஜோடி வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அது கெட்டால் அந்த வருடம் அதோடு சரி.

முட்டை கெட அதை யாரும் தொட வேண்டியதில்லை. மலை உச்சியில் இருந்து கயிறு போட்டு ஒருவர் இறங்கினாலே போதும். கீழே நடமாடுகிற ஆளைப் பறவை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். தலைக்கு மேலே ஆள் வந்தால் பொறுக்காது, கூட்டை விட்டு எழுந்துவிடும். நாம் கயிற்றில் தொங்கியபடி படம் எடுத்து, அடுத்த ஆள் இறங்கி முடிக்கும் வரை அது திரும்பி வராது. அந்த நேரத்தில் வெயிலில் முட்டை சூடேறும், இல்லையென்றால் காக்கை பார்த்துவிடும்.

ஆகவே பாறைக்குப் போனதும் ஷூவை மாட்டாதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று, பைனாகுலர் இருந்தால் அதை வைத்து, பாறை முகத்தை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒரு விளிம்புக்குக் கீழே சுண்ணாம்பு வழிந்த மாதிரி வெள்ளைக் கோடுகள் இருந்தால் அது எச்சம். பழைய எச்சம் மங்கி, மழையில் கரைந்து இருக்கும். பளிச்சென்று இருந்தால் யாரோ அங்கே குடியிருக்கிறார்கள். அப்புறம் பறவையின் நடத்தை. நம்மைச் சுற்றியே வட்டமடிப்பது, திரும்பத் திரும்பக் கத்துவது, தலைக்கு நேராகப் பாய்ந்து விலகுவது, இவை எல்லாம் கூடு பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஏற ஆரம்பித்த பிறகு இதைக் கவனித்தாலும் இறங்கிவிடுங்கள். பாதி ரூட்டில் இறங்குவதில் எந்த அவமானமும் இல்லை.

அமெரிக்காவின் யோசமிட்டியில் வல்லூறு கூடு வைக்கும் பாறைகளை ஒவ்வொரு வருடமும் மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை மூடிவிடுகிறார்கள். கூடு இல்லை என்று உறுதியானால் முன்கூட்டியே திறப்பார்கள். ஏறுகிறவர்களும் அதை மதித்து வேறு பாறைக்குப் போகிறார்கள். நம் ஊரிலும் ஒவ்வொரு பாறைக்கும் இப்படி ஒரு நாட்காட்டி வேண்டும். அது வரும் வரை, நாமே ஒதுங்கிப் போவதுதான் வழி. குளிர்காலத்தில் போல்டரிங் செய்ய, அதாவது கயிறு இல்லாமல் ஏற, தாழ்வான பாறைகளுக்கா பஞ்சம்?

மலைத்தேனீயும் இதே கணக்கில் வரும். தொங்குபாறைகளின் அடியில் கறுப்பாகத் தொங்கும் பெரிய அடைகளைப் பார்த்திருப்பீர்கள். இடம்பெயர்ந்து போனாலும் அதே பாறைக்கு அடுத்த பருவத்தில் திரும்பி வரும் இனம் அது. அடை இருக்கும் பாறையில் ஏறாதீர்கள். வாசனைத் திரவியம், புகை, கத்தல் எதுவும் வேண்டாம். கலைந்தால் தேனீக்கும் நஷ்டம், கயிற்றில் தொங்குகிற ஆளின் உயிருக்கும் ஆபத்து.

மதுரைக்காரர்கள் அரிட்டாபட்டியைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பாறை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஏறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லி கழுகு மூன்றும் அங்கே இருக்கின்றன. கூடவே தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு, சமணர் படுகை, பாண்டியர் காலக் குடைவரை. இரண்டாயிரம் வருடம் தாங்கிய எழுத்து, நம் கை வியர்வையையும் பிரஷ்ஷையும் தாங்க வேண்டிய அவசியம் என்ன? மதுரையைச் சுற்றிய சமணர் குன்றுகள், விழுப்புரம் பக்கத்துக் கீழ்வாலை, ஹம்பிக்கு அருகே ஆனேகுந்தியின் பாறை ஓவியங்கள், எங்கேயும் இதே விதிதான். ஓவியம் இருக்கும் பாறைக்குப் பக்கத்துப் பாறையையும் விட்டுவிடுங்கள். மங்கிய ஓவியம் எங்கே முடிகிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது.

சரி, கூடும் இல்லை, கல்வெட்டும் இல்லை, ஏறலாம் என்று முடிவாகிவிட்டது. புதிதாக ஒரு போல்டரை (ஏறத் தோதான பெரிய தனிப்பாறையை) கண்டுபிடித்தவுடன் நம் ஆட்கள் முதலில் கையில் எடுப்பது பிரஷ். எனக்குத் தாங்கவே முடியாத காட்சி இதுதான். அந்தக் கல்லின் மேல் சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் வட்ட வட்டமாக ஒட்டியிருப்பது அழுக்கு இல்லை; லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். பாறையோடு ஒட்டி வளரும் வகைகளில் பல, வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் இருந்தால், அது உங்கள் தாத்தா பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்திருக்கலாம். கம்பி பிரஷ்ஷால் அரை நிமிடம் தேய்த்தால் முடிந்தது. விரிசலில் காய்ந்து சுருண்டு கிடக்கும் செலாஜினெல்லாவும் அப்படித்தான். செத்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிப் போடுகிறார்கள். முதல் மழை பட்டதும் பச்சையாக விரிந்திருக்கும் செடி அது.

கை வைக்கும் பிடி, கால் வைக்கும் இடம், இதற்கு மேல் ஒரு அங்குலம்கூடச் சுத்தம் செய்யாதீர்கள். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். மென்மையான நார் பிரஷ் போதும். சுத்தம் செய்யாமல் ஏற முடியாத ரூட்டாக இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த கல்லுக்குப் போங்கள்.

அப்புறம், பிடி வழுக்காமல் இருக்கக் கையில் பூசும் சாக் பவுடர். இது மெக்னீசியம் கார்பனேட். வெறும் தூள்தானே, மழையில் போய்விடும் என்பார்கள். 2020இல் சுவிட்சர்லாந்தில் ஒரு ஆய்வு வெளியானது. ஏறப்படும் பாறைகளில், கண்ணுக்கு வெள்ளை தெரியாத இடங்களிலும் சாக்கின் படிவு இருந்தது. பாறையில் வளரும் பெரணி, பாசி வகைகளின் முளைப்பையும் பிழைத்திருப்பதையும் அது பாதிப்பதையும் சோதனையில் கண்டார்கள். அதற்காக சாக்கே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வியர்வைக் கையோடு ஏறச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. தூளாகக் கொட்டாமல் துணியில் பந்தாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிடி இருக்கும் இடத்தைக் காட்டச் சாக்கால் போட்ட அடையாளக் கோடுகளையும் பிடிகளில் இருக்கும் வெள்ளையையும் கிளம்பும் முன் உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். தொங்குபாறைக்குக் கீழே மழையே படாது. அங்கே நாம் துடைக்காவிட்டால் வேறு யாரும் துடைக்கப் போவதில்லை.

பாதாமி மணற்கல்லுக்கு இன்னொரு விதி உண்டு. மழை பெய்த பிறகு ஒன்றிரண்டு நாளாவது காய விடுங்கள். ஈரமான மணற்கல் பலம் இழந்திருக்கும். பிடி உடைந்து வந்துவிடும். உடைந்த பிடியை ஒட்ட முடியாது.

நான் அதிகம் கவலைப்படுவது சுனைகளைப் பற்றி. கிருஷ்ணகிரி பக்கம் மொட்டைப் பாறைக் குன்றுகளின் உச்சியில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். கோடையில் பார்த்தால் வெறும் மண் படிந்த பள்ளம். மழை விழுந்து சில நாள் கழித்துக் குனிந்து பாருங்கள். கண்ணாடி மாதிரி உடம்புள்ள சிறு இறால்கள் மல்லாந்து நீந்திக்கொண்டிருக்கும். அவற்றின் முட்டைகள் கோடை முழுக்க அந்தக் காய்ந்த மண்ணுக்குள்தான் கிடந்தன. தலைப்பிரட்டைகள் ஓரமாகப் பாசியைச் சுரண்டித் தின்னும். நீர் கசியும் விளிம்பில், பூச்சியைப் பிடித்து உண்ணும் டிரோசெரா சிவப்பாகப் பரவியிருக்கும். தண்ணீர் வற்றுவதற்குள் பிறந்து, வளர்ந்து, அடுத்த தலைமுறையை விட்டுப் போக வேண்டும் என்ற அவசரத்தில் இயங்கும் உலகம் அது.

அந்தத் தண்ணீரில் நம் ஆட்கள் நூடுல்ஸ் பாத்திரம் கழுவுகிறார்கள். ஓடையில் கழுவினால் கொஞ்சமாவது அடித்துக்கொண்டு போகும். சுனைக்குப் போக்கிடமே கிடையாது. ஒரு சொட்டுச் சோப்பும் தண்ணீர் வற்றும் வரை அங்கேயேதான் இருக்கும். 'மட்கும் சோப்பு' என்று எழுதியிருந்தாலும் அது மட்க மண் வேண்டும், மண்ணில் உள்ள நுண்ணுயிர் வேண்டும். ஒருமுறை ஒரு குழு அப்படிக் கழுவிக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். கோபப்படவில்லை. "தம்பி, இது வத்துற வரைக்கும் எங்க ஆடுங்க இதைத்தான் குடிக்கணும்" என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாத்திரத்தைத் தண்ணீரில் இருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, சோப்பு இல்லாமல் துடைத்து வையுங்கள். வீட்டில் போய்க் கழுவலாம். சன்ஸ்கிரீனும் கொசு மருந்தும் பூசிய காலைச் சுனையில் விடாதீர்கள்.

டென்ட்டை எங்கே போடுவது? வெறும் பாறைத் தளம் இருந்தால் அங்கேயே. ஆணி அடிக்காமல் தானே நிற்கும் டென்ட் இதற்கு வசதி. பாறைப் பள்ளங்களில் மெல்லிய மண் படிந்து புல் முளைத்திருக்கும். மெத்தை மாதிரி இருக்கிறதே என்று அதன் மேல் போட ஆசை வரும். கால் பட்டால் பெயர்ந்துவிடும் மண் அது. ஏற்கெனவே ஆள் தங்கித் தேய்ந்த இடம் இருந்தால் அதையே திரும்பப் பயன்படுத்துங்கள்.

நெருப்பு வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல் மலையில் பரவிய தீயில் 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். பிப்ரவரி முதலே நம் மலைகளின் புல் அந்த நிலைக்குக் காய்ந்துவிடுகிறது. பாறை மேல் மூட்டினால் பாதுகாப்பு என்று சொல்கிறவர்களும் உண்டு. பெங்களூர் வட்டாரத்தில் அந்தக் காலக் கல் உடைப்பவர்கள் கருங்கல்லைப் பலகையாகப் பெயர்க்கப் பயன்படுத்தியதே நெருப்பைத்தான். சூட்டில் மேலடுக்கு விரிந்து செதிளாகப் பிரியும். உங்கள் கேம்ப் ஃபயர் அதையேதான் சின்ன அளவில் செய்கிறது. கரித் தழும்பும் பல வருடம் போகாது. சமைக்கச் சின்ன கேஸ் அடுப்பு போதும். காட்டுத்தீ காலத்தில் வனத்துறை பாதையை மூடினால் அந்தத் தேதிகளில் குறுக்கு வழி தேடாதீர்கள்.

மலம் கழிப்பதைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டால் இந்த வேலை நடக்காது. மண் இருக்கும் காட்டில், தண்ணீரில் இருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி மூடலாம். மொட்டைப் பாறையில் தோண்ட மண்ணே இருக்காது; பைக்குள் பை போட்டு, மூடி இறுகிய டப்பாவில் கீழே கொண்டுவருவதுதான் ஒரே வழி. வெட் வைப்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை. அதையும் நாப்கினையும் புதைக்கக் கூடாது.

வாழைப்பழத் தோல், மீந்த சாதம் எல்லாம் மட்கிவிடும் என்று எறிவதும் வேண்டாம். மட்குவதற்கு முன் குரங்கு வந்துவிடும். ஆள் சாப்பாட்டுக்குப் பழகிய குரங்கு பையைப் பிடுங்கும். பிறகு அதை ஊரார் அடிப்பார்கள். ஹம்பி, தரோஜி பக்கம் கரடிகளும் இருக்கின்றன.

மரத்தில் ஆங்கர் போடும்போது, அதாவது கயிற்றைத் தாங்கும் பிடிமானம் கட்டும்போது, பாறை இடுக்கில் வேர்விட்ட சின்ன மரங்களை விட்டுவிட்டு, மண்ணில் நிற்கும் பருத்த மரமாகப் பாருங்கள். பட்டை உரியாமல் அகலமான பட்டிக் கயிறும் அதற்கடியில் ஒரு துணியும் வையுங்கள். போல்ட் அடிப்பது பாறையைத் துளைப்பது. திருப்பி எடுக்க முடியாத வேலை. வனத்துறை, ஊர்க்காரர்கள், அந்தப் பாறையில் பல வருடமாக ஏறுகிறவர்கள் மூவரிடமும் கேட்காமல் டிரில்லைப் பையில் வைக்காதீர்கள்.

கேட்பது என்றதும் ஒன்று. அனுமதிக் கடிதம் வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளாமல், அடிவாரத்தில் வேட்டைத் தடுப்புக் காவலரிடமும் ஆடு மேய்ப்பவர்களிடமும் பத்து நிமிடம் பேசுங்கள். எந்தப் பாறையில் இந்த வருடம் கழுகு உட்கார்ந்திருக்கிறது, எந்தச் சுனையில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, எந்தக் குன்றில் சாமி இருக்கிறது, எங்கே சிறுத்தை நடமாட்டம் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த கைடுபுக்கிலும் இருக்காது. அவர்கள் போக வேண்டாம் என்று சொன்ன பாறையை அன்றைய திட்டத்தில் இருந்து எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு பேர்போன ரூட்டாக இருந்தாலும்.