மதுரைக் காற்றின் கணக்கு: தூய காற்றுத் திட்டத்தில் நாம் கேட்டுப் பெறக்கூடியது

தேசிய தூய காற்றுத் திட்டம் 2019 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அதில் இடம்பெற்ற நகரங்களுள் மதுரையும் ஒன்று. 2017-18ஆம் ஆண்டின் நிலையிலிருந்து பிஎம் 10 துகள்களை (10 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள, காற்றில் மிதக்கும் துகள்கள்) 2025-26க்குள் 40 விழுக்காடு வரை குறைப்பது அல்லது தேசியத் தர அளவை எட்டுவது இத்திட்டத்தின் இலக்கு.

இலக்கு பிஎம் 10ஐ வைத்து அமைந்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும். சாலைப் புழுதியில் மிகுதியாக இருப்பது அந்தப் பெரிய துகள். குப்பை எரியும்போதும் டீசல் புகையிலும் வருவது பெரும்பாலும் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள நுண்துகள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள இத்துகள் நுரையீரலின் கடைசி அறை வரை இறங்கி இரத்தத்திலும் கலக்கக்கூடியது. ஆகவே, அவனியாபுரம் வெள்ளக்கல் குப்பைக் கிடங்கை ஒட்டி வாழ்பவர்கள் இரண்டு அளவுகளையும் தனித்தனியே கேட்பதுதான் சரி.

நாட்டின் பல நகரங்களில் இன்றும் நடப்பது கைமுறை அளவீடு. எடை பார்த்த வெள்ளை வடிதாள் ஒன்றைக் கருவியில் பொருத்தி, அதன் வழியே காற்றை இழுக்கிறார்கள். சாம்பல் நிறமேறிய அந்தத் தாளை மீண்டும் எடைபோட்டு, கூடிய எடையிலிருந்து துகளின் அளவைக் கணக்கிடுகிறார்கள். இது வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 முறை நடக்க வேண்டும். மற்ற நாள்களில் தெருமுனையில் எரிந்த குப்பை இக்கணக்கில் ஏறாது.

பிஎம் 2.5க்கு நம் நாட்டு வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியாக 40. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தவை 15, 5. மாசு கூடக் கூட உயரும் எண்ணான காற்றுத் தரக் குறியீடு, 100 வரை ‘திருப்தி’ என்று காட்டும், பிஎம் 2.5 60ஐத் தொடும்போதுதான் அந்த 100 வருகிறது என்பதால், ஆஸ்துமா உள்ள குழந்தையை வைத்திருக்கும் வீட்டார் அந்தச் சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது.

காற்றை இடைவிடாமல் தானாக அளக்கும் தொடர் கண்காணிப்பு நிலையங்களின் குறியீட்டை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் பார்க்கலாம். கைமுறை அளவீடுகளை, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்துக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘காற்று எப்படி இருக்கிறது’ என்று பொதுவாகக் கேட்காமல், நிலையத்தின் பெயர், தேதிவாரியான பிஎம் 10, பிஎம் 2.5 அளவுகள், கருவி இயங்காத நாள்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

குடியிருப்போர் சங்கங்கள் விலை குறைந்த உணரிக் கருவியை வாங்கி மாட்டுவதும் நல்லதே. டீக்கடை அடுப்புக்கும் சமையலறைப் புகைபோக்கிக்கும் விலகி, ஆள் மூச்சுவிடும் உயரத்தில் அது இருக்கட்டும். துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து அளப்பதால், மார்கழிப் பனியில் நீர்த்துளியையும் துகளாக எண்ணி அது அளவைக் கூட்டிக் காட்டும். எனவே அந்த அளவைப் புகாருடன் இணைக்கும்போது தேதி, நேரம், புகைப்படம் மூன்றையும் சேர்த்தே கொடுங்கள்.